வாக்கும் உயிரும்

(நாகர்கோவிலில் நடந்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேர்தல் முடிவுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், எந்த ஊர் வாக்கு எந்தப் பக்கம் போனது என்ற கணக்கெல்லாம் உங்களுக்கு அத்துபடி. வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பூத் வாரியாகப் புட்டுப்புட்டு வைக்க ஆள் உண்டு. அந்தக் கணக்கில் வராத சிலரைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

2024 ஜூன் 4ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டன. கன்னியாகுமரித் தொகுதியில் விஜய் வசந்த் மீண்டும் வென்றார். விளவங்கோடு இடைத்தேர்தலில் தாரகை கத்பர்ட் வென்றார். டெல்லியில் 9ஆம் தேதி புதிய அமைச்சரவை பதவியேற்றது. 11ஆம் தேதி வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ரஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்ட இந்தியர்களில் மேலும் இருவர் உக்ரைன் போரில் கொல்லப்பட்டார்கள், இனி இந்தியர்களைச் சேர்ப்பதை ரஷ்யா நிறுத்தியாக வேண்டும் என்றது அந்த அறிக்கை.

வெற்றி ஊர்வலத்தின் பட்டாசுச் சத்தத்தில் அந்தச் செய்தி அமுங்கிப்போனது. எனக்கு மட்டும் அன்றிலிருந்து இரண்டு செய்திகளையும் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. ஒரு பக்கம் 64 கோடிப் பேர் வாக்களித்த தேர்தல். மறுபக்கம், தங்களுக்கு வாக்கில்லாத ஒரு நாட்டுக்காக, தங்களுக்குப் பகையில்லாத இன்னொரு நாட்டை எதிர்த்து, மொழி புரியாத அதிகாரியின் கட்டளைக்குக் கீழே செத்துப்போன நம் பையன்கள். வாக்குக்கும் உயிருக்கும் உள்ள உறவு என்ன? இன்றைய என் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

போர் தொடுப்பதை அரசு முடிவு செய்கிறது. அரசு யாருடையது என்பதை மக்களின் வாக்கு முடிவு செய்கிறது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நாலு வாக்கு இருக்கும், அந்தத் தெருவில் நாற்பது இருக்கும். சவப்பெட்டி வந்து இறங்கும் ஊருக்கு ஆட்சியாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஜனநாயகத்தில் போருக்குப் போட்டிருக்கும் கடிவாளம் இதுதான். வியட்நாம் போரில் 58,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து மாணவர்களும் பெற்றோரும் தெருவுக்கு வந்தார்கள். 1968 அதிபர் தேர்தலில் நிக்சன், கட்டாய ஆள்சேர்ப்பை ஒழிப்பேன் என்று வாக்குறுதி கொடுத்தார். 1973இல் அது முடிவுக்கு வந்தது. வாக்குரிமை உள்ளவர்களின் பிள்ளைகள் செத்தார்கள். அதனால் வாக்குப் பெட்டி பேசியது.

அந்தக் கடிவாளம் வேண்டாம் என்று நினைக்கும் அரசுக்கு ஒரு வழி இருக்கிறது. வாக்கில்லாதவனைப் போர்முனைக்கு அனுப்பிவிடலாம். அவன் செத்தால் உள்ளூரில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கடன் வாங்குகிறவன் ஒருவன், வட்டி கட்டுகிறவன் வேறொருவன் என்றால், கடன் வாங்கக் கை கூசுமா?

ரஷ்யாவில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 2022 செப்டம்பரில் புதின் 3 லட்சம் பேரைப் போருக்கு அழைப்பதாக அறிவித்ததும், லட்சக்கணக்கான ரஷ்ய இளைஞர்கள் எல்லை தாண்டி வெளியேறினார்கள். அடுத்த அதிபர் தேர்தல் 2024 மார்ச் மாதம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரித் தொடக்கத்தில் ஓர் ஆணை வந்தது. ஓராண்டு ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வெளிநாட்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும் விரைவாகக் குடியுரிமை என்றது அந்த ஆணை. தேர்தலில் புதின் 87 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். நேபாளத்திலிருந்தும் கியூபாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன இளைஞர்கள் அந்த நேரத்தில் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள்.

அந்நியனைப் படையில் சேர்ப்பது நேற்று வந்த வழக்கம் இல்லை. அதற்கு நம் மாவட்டத்திலேயே கல்லில் எழுதிய சான்று இருக்கிறது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் போனால், கூரை போன ஒரு சிற்றாலயத்தின் சுவர்களுக்கு நடுவே டிலனாயின் கல்லறை இருக்கிறது. மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. பக்கத்தில் மனைவியும் மகனும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு வந்து, 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர் அவர். சிறைப்பட்டவர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுக்கும் தளபதியானார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்து 1777இல் இங்கேயே அடக்கமானார். 

டிலனாய்க்கு வாக்கில்லை. அன்றைக்கு யாருக்குமே வாக்கில்லை. ஆனால் அவருக்குப் பதவி இருந்தது, வீடு இருந்தது, செத்தபின் பெயர் பொறித்த கல் இருந்தது. தான் யாருக்காக, எதற்காகப் போரிடுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இருநூற்றைம்பது ஆண்டு கழித்து, ரஷ்யாவுக்குப் போன நம் பையன்களுக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. சிலருடைய உடல்கூட வீடு வந்து சேரவில்லை.

டிலனாய்க்கு அடுத்த நூற்றாண்டுகளில் வாக்கில்லாத சிப்பாய்தான் சாம்ராஜ்யங்களைக் கட்டினான். 1805 உடன்படிக்கைப்படி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்காகத் திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுமையிலிருந்து மூண்ட பகைதான் திருவிதாங்கூர்த் தளவாய் தலக்குளத்து வேலுத்தம்பியை 1809இல் கிளர்ச்சிக்குத் தள்ளியது. அவரை ஒடுக்க வந்த படையிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. முதல் உலகப் போரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கடல் கடந்து அனுப்பினார்கள், 74,000 பேர் திரும்பவில்லை. அந்தப் போரை அறிவித்த அரசைத் தேர்ந்தெடுக்க அவர்களில் ஒருவர்கூட வாக்களித்திருக்க முடியாது. அந்தப் போரில் ஜெர்மனியிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை மனம் மாற்றி விடுதலைக்காகப் போராடச் செய்ய பெர்லினில் ஒரு குழு முயன்றது. அதில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் செண்பகராமன் பிள்ளை. நாஞ்சில் நாட்டு வேர் கொண்டவர், 1934இல் பெர்லினில் இறந்து, 1966இல்தான் அஸ்தியாகத் தாயகம் திரும்பினார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேறு நாட்டில் பிறந்தவன் ஒரு லட்சியத்துக்காக ஆயுதம் எடுப்பதையே நான் குறை சொல்லவில்லை. 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்துக்கு அழைத்தபோது, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத மலேயாத் தோட்டத் தமிழர்கள் அணி அணியாக வந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் ரப்பர் பால் வெட்டிய பெண்கள் சேர்ந்தார்கள். எதற்குப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், விரும்பிப் போனார்கள். அந்நியனை அழைக்கும் எந்தப் படையிடமும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. அவனுக்கு எல்லாம் தெரியுமா? அவன் விரும்பி வந்தானா? உயிரைக் கேட்கிற நாடு அவனுக்குத் தரும் உரிமை என்ன?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரிய நாடுகளும் தடுமாறியிருக்கின்றன. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். 1918இல் சீருடையோடு போய்க் குடியுரிமை வாங்கினார். சில நாட்களில் அதைப் பறித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923இல் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்பானது. சீருடை கொடுக்கும்போது யாரும் தோலின் நிறம் பார்க்கவில்லை, வாக்குரிமை என்று வந்ததும் பார்த்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கென 1935இல் தனிச்சட்டம் வந்தபின் 1936இல்தான் அவர் குடிமகனானார். 2009இல் அதே அமெரிக்கா, சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்துக் குடியுரிமை கொடுக்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற பையன்கள் வளர்ந்ததும் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். அந்நாட்டுத் தேர்தலில் நிரந்தரவாசிக்கு வாக்கில்லை. நம் ஊரிலிருந்து போன எத்தனையோ குடும்பங்கள் இந்தக் கட்டத்தைக் கடந்திருக்கின்றன. குடியுரிமைக்கான பாதை அங்கே திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் கடமை முதலில், வாக்கு பிறகு என்ற வரிசை எனக்கு உறுத்துகிறது.

பிற நாடுகளைச் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. நம் நாட்டிலேயே 1989 வரை வாக்களிக்கும் வயது 21. படையில் சேர அந்த வயது வேண்டியதில்லை. 1971 டிசம்பர் போரில் 20 வயதில் சண்டையிட்ட சிப்பாய், அந்த ஆண்டு மார்ச் மாதத் தேர்தலில் வாக்களித்திருக்க முடியாது. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் வயதை 18 ஆக்கியது. இன்றைக்கு அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதில் சேரலாம். வாக்காளர் அட்டைக்கு முன்பே துப்பாக்கி கைக்கு வந்துவிடலாம். நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேருக்குத்தான் தொடர வாய்ப்பு.

நேபாளக் குடிமக்கள் நம் ராணுவத்தில் கூர்க்கா வீரர்களாகச் சேர்வது 1947 முத்தரப்பு ஒப்பந்தத்தின்படி நடந்துவந்தது. நமக்காக எல்லாப் போரிலும் செத்தார்கள். நம் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை, அக்னிபத்தை யாரும் அவர்களிடம் கேட்டுக் கொண்டுவரவில்லை. 2022இல் அத்திட்டம் வந்தபின் நேபாளம் ஆள் அனுப்புவதை நிறுத்திவைத்தது. ரஷ்யப் படையில் நேபாள இளைஞர்கள் இறந்த செய்திகள் அதன் பிறகுதான் வரத் தொடங்கின. முறையான ஒரு கதவு மூடினால் ஏஜென்ட் இன்னொரு கதவைத் திறக்கிறான்.

நம் மாவட்டத்துக்கே வருகிறேன். ராணுவ அதிகாரித் தேர்வு அறிவிக்கையை எடுத்துப் படித்துப் பாருங்கள். இந்தியக் குடிமகன், நேபாளப் பிரஜை, அடுத்து பர்மா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினர் என்று தகுதி எழுதியிருக்கும். இலங்கையின் பெயரே அதில் இருக்கிறது. இங்கே பெருமாள்புரத்திலும் பழவிளையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்து, நம் பேச்சையே பேசுகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆதார் இருக்கிறது, வாக்காளர் அட்டை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் சொன்னது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் ஒரு பெண்மணி நீதிமன்றம் ஏறி, 2024 ஏப்ரல் 19 அன்று முதல்முறையாக வாக்களித்தார். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்தவர் அவர். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு என்ற சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. இரண்டு ஆண்டு தாமதமாகப் பிறந்திருந்தால் அதுவும் இல்லை.

அதே இலங்கையிலிருந்து 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த மலையகத் தமிழர்கள் கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். அவர்கள் குடிமக்கள், வாக்காளர்கள். வேட்பாளர் அவர்களின் லயக் குடியிருப்புக்கே போய்க் கும்பிடுகிறார். முகாம் வாசலில் எந்தப் பிரசார வண்டியும் நிற்பதில்லை. வாக்கு இருந்தால் மதிப்பு, இல்லாவிட்டால் இல்லை என்பதற்கு நம் மாவட்டத்துக்குள்ளேயே இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

வாக்கின் வலிமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1954 பிப்ரவரியில் திருவிதாங்கூர் - கொச்சி சட்டமன்றத் தேர்தலில் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களை வென்றது. தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற தங்கள் விருப்பத்தைத் தென்திருவிதாங்கூர்த் தமிழர் வாக்குச்சீட்டில் எழுதிக் காட்டினார்கள். அன்றைய அரசு கேட்கவில்லை. ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. ஆனாலும் 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எந்த அரசின் கீழ் வாழ்வது என்பதையே வாக்கால் கேட்டு வாங்கிய மக்கள் நாம். வாக்கில்லாதவன் படும் பாட்டை நாம் பேசாமல் யார் பேசுவது?

இனி நம் கரையோரத்துக்கு வருவோம். 2024 மார்ச் 7 அன்று சிபிஐ ஏழு நகரங்களில் சோதனை போட்டது. அந்தப் பட்டியலில் திருவனந்தபுரம், சென்னை, மதுரை மூன்றும் இருந்தன. சமூக ஊடகத்திலும் உள்ளூர் ஏஜென்ட் மூலமும் நல்ல சம்பளம் என்று ஆசைகாட்டி, ரஷ்யாவில் இறக்கி, போர்ப் பயிற்சி கொடுத்து, விருப்பத்துக்கு மாறாகப் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்று சிபிஐ சொன்னது. அதே மாதம் திருவனந்தபுரம் மாவட்டத்து அஞ்சுதெங்கு மீனவக் கிராமத்துப் பையன்கள் அங்கே சிக்கிய செய்தி வந்தது. 2025 ஜனவரியில் அரசு சொன்ன கணக்கு இது. ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர் 126, திரும்பியவர் 96, இறந்தவர் 12, காணாமல் போனவர் 16. அதன் பிறகும் நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் அமைச்சகம் மீண்டும் எச்சரிக்க வேண்டியிருந்தது. இலங்கையில் இன்னும் கொடுமை. 554 பேர் சேர்க்கப்பட்டு 59 பேர் இறந்ததாக அமைச்சர் விஜித ஹேரத் 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தம்பி எனக்குத் தன் செல்போனைக் காட்டினான். மாதம் இரண்டு லட்சம், சாப்பாடு, தங்குமிடம் இலவசம் என்று ஒரு வீடியோ ஓடியது.

"என்ன வேலைன்னு போட்டிருக்கு, மக்கா?" என்று கேட்டேன்.

"ஆர்மிக்க ஹெல்பர் வேலை சார். சண்டைக்கெல்லாம் விடமாட்டாவளாம்."

"அத யாரு சொன்னா?"

"ஏஜென்ட்தான் சார்."

ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கும் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. டீசல் விலை, படகுக் கடன், பங்கு பிரித்தபின் கையில் மிஞ்சுவது என்று அவன் சொன்ன கணக்கு மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லாமல், போகாதே என்று மட்டும் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒக்கி புயலில் ஆட்களைப் பறிகொடுத்த கரை அது. கடலுக்குப் பயந்தவர்கள் இல்லை, வேலைக்கும் பயந்தவர்கள் இல்லை. அந்தத் துணிச்சலைத்தான் ஏஜென்ட் விலை பேசுகிறான்.

2020இல் ஈரானில் சிக்கிய நம் மீனவர்களைக் கடற்படைக் கப்பல் ஜலாஷ்வா தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கேட்க ஆள் இருந்ததால் கப்பல் போனது. பதுங்குகுழிக்குள் மாட்டியவனுக்கு எந்தக் கப்பலும் போக முடியாது. அவன் போவதற்கு முன்பே தடுத்தால்தான் உண்டு.

ஆகவே நாம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஏஜென்ட் விவகாரம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தவராக இருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சுற்றுலா விசாவில் வேலை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தச் செய்தியைக் கோயில் திருவிழாவிலும் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியிலும் ஜும்மாவிலும் கிராமசபையிலும் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்களே, படித்தவர்கள் நீங்கள் கரைக்குப் போய் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வெளிநாட்டில் வேலை செய்பவனின் வாக்கு. 2010இல் சட்டம் திருத்தி அவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தார்கள், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். 2024இல் சுமார் 1.19 லட்சம் பேர் பதிவு செய்திருந்தும் வந்து வாக்களித்தவர்கள் 3,000 பேருக்கும் குறைவு. எல்லையில் நிற்கும் நம் சிப்பாய்க்குத் தபால் வாக்கை மின்னணு முறையில் அனுப்புகிறோம். வளைகுடாவில் மீன் பிடிக்கிறவனுக்கும் அதற்கொரு வழி செய்யச் சொல்லிக் கேட்போம். அவன் வாக்குக்கு மதிப்பு வந்தால் அவன் உயிருக்கும் மதிப்பு வரும்.

மூன்றாவது, முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சியானாலும், பெருமாள்புரம் பையனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அவனால் கேட்க முடியாது. கேட்கிற உரிமை உங்களிடம் இருக்கிறது.

ஒரு நாடு ஒருவன் உயிரைக் கேட்பதாக இருந்தால் வாக்கைக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். கொடுக்க மனமில்லாத நாடு உயிரைக் கேட்கக் கூடாது. அந்த நிலை வரும்வரை, வாக்கில்லாதவனின் உயிருக்கு வாக்குள்ளவன் பொறுப்பு. வாக்குச்சாவடிக்குப் போகும்போது உங்கள் ஒரு வாக்கில் அவனுக்கும் பங்கு இருக்கிறது என்று எண்ணிப் போடுங்கள். போட்டபின் ஐந்து ஆண்டும் அவனுக்காகக் கேள்வி கேளுங்கள்.